அரசுக் கொள்முதலும் நம் சிறு பட்டறைகளும்

மரப்பட்டறை, இரும்புப் பட்டறை, தையற்கூடம், சிறு அச்சகம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம். மே முதல் நாளன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைச் சிறப்பிக்கும்போது இவர்களை நினைவுகூர்கிறோம். திருப்பலி முடிந்ததும் அந்த நினைவும் முடிந்துவிடுகிறது. ஆனால், திருத்தந்தை 23-ம் அருளப்பர் 1961-இல் விடுத்த 'மாத்தேர் எத் மஜிஸ்திரா' என்னும் சுற்றுமடலில் கைவினைஞரையும் சிறுதொழில்களையும் அரசு கைதூக்கிவிட வேண்டும் என்று விரிவாகவே எடுத்துரைத்தார். கடன், வரி, தொழிற்கல்வி என்று நடைமுறைக் காரியங்களையே அவர் பேசினார். நாமும் அவ்வாறே பேசுவோம்.

மத்திய அரசின் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள், சேவை ஆகியவற்றில் 25 விழுக்காட்டைக் குறுந்தொழில், சிறுதொழில் நிறுவனங்களிடமிருந்தே பெற வேண்டும் என்பது விதி. 2012-இல் 20 விழுக்காடாக இருந்த இது 2018-இல் உயர்த்தப்பட்டது. இதற்குள் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 விழுக்காடும், மகளிர் நடத்துபவற்றிற்கு 3 விழுக்காடும் உண்டு. துடைப்பம், முள்வேலிக் கம்பி, செருப்பு உள்ளிட்ட 358 பொருள்கள் இத்தகைய நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்திற்குக் கட்டணம் இல்லை. மதிப்பீட்டில் 2 முதல் 5 விழுக்காடு வரை பிறர் கட்டும் முன்வைப்புத் தொகையும் இவர்களுக்கு இல்லை. நகையை அடகு வைத்து முன்பணம் கட்ட வேண்டுமே என்று அஞ்சி ஒதுங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இச்சலுகைகளைப் பெற 'உத்யம்' பதிவு தேவை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு கணினி வழியே செய்யலாம். அரசு இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை. ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் தரகரிடம் ஏமாற வேண்டா. பிறர் செய்த பொருளை வாங்கி விற்கும் வணிகருக்குக் கொள்முதற் சலுகை பொருந்தாது என்பதையும் அறிக. பதிவு முடிந்தபின், 2016-இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகச் சேர வேண்டும். தமிழக அரசின் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. அதுபற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிவது நலம்.

விலை குறிப்பதில்தான் விவேகம் வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் 100 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை குறிக்க, நம்மவர் 112 ரூபாய் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்து வாங்கக்கூடிய பொருளாயின், 15 விழுக்காட்டு எல்லைக்குள் இருப்பதால், 100 ரூபாய்க்கு இறங்கிவர இசைந்தால் கால்பங்கு ஆர்டர் அவருக்குக் கிடைக்கும். நல்ல சலுகைதான். ஆனால் அந்த நூறு ரூபாய் கட்டுமா? மரம், மின்சாரம், போக்குவரத்து, வட்டி எல்லாவற்றையும் கணக்கிட்டபின், மிச்சம் பிடிக்கத் தொழிலாளியின் கூலியில்தான் கைவைக்க வேண்டும் என்றால் அந்த ஆர்டர் வேண்டா. வேலையாளின் கூலியைப் பிடித்தம் செய்வோரை யாகப்பர் தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகச் சாடுகிறார் என்பதை வாசகர் அறிவர்.

கிடைத்தாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது நன்றன்று. திருச்சியில் பெல் ஆலையின் ஆர்டர்களைக் கொண்டே துவாக்குடிப் பகுதியில் உருக்குப் பட்டறைகள் பெருகின. அனல்மின் நிலையப் பணிகள் குறைந்தபோது அவற்றில் பல வேலையின்றி முடங்கின.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. மகளிருக்கான பங்கைப் பெறுவதற்காக மனைவியின் பெயரில் பதிந்துவிட்டு, கையெழுத்திடுவதற்கு மட்டும் அவரை அழைப்பவர் உண்டு. தம் பதிவைப் பெரிய வியாபாரிக்கு இரவல் கொடுத்து விழுக்காடு வாங்குபவரும் உண்டு. "எல்லாரும் செய்வதுதானே, சாமி" என்பர். அந்த ஆர்டருக்கு உரியவர் அடுத்த தெருவில் வேலையின்றி உட்கார்ந்திருக்கும் விதவையாக இருக்கலாம். இது களவின் வகையைச் சேர்ந்ததென்றே நான் கருதுகிறேன்.

சரக்கைக் கொடுத்தபின் பணத்திற்கு அலைவதே பலருக்குப் பெருந்துன்பம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்குமேல் பணத்தை நிறுத்திவைத்தல் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையெனில் 15 நாள்களே. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். இதற்கென மாநிலத்தில் அமைந்த தீர்வுக் குழுவிடம் இணையதளத்தின் வழியே முறையிடலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும்.

முறையிடுவதற்குத் தாள் வேண்டும். சரக்கு இறங்கிய அன்றே தேதியும் முத்திரையும் இட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அலுவலர் "நாளைக்கு வா" என்றால் மறுநாளே போய் வாங்குங்கள். 45 நாள் கணக்குக்கு அந்தத் தேதியே சான்று.