வடிக்காத பாஸ்தா: நாலு பேருக்கு ஒரு கணக்கு

நியூஜெர்சியில் எங்கள் வீட்டில் சாப்பிட 4 பேர். வாரநாளில் அடுப்பைப் பற்றவைக்க மணி ஆறரை ஆகிவிடும். ஏழுக்குத் தட்டு வைத்தாக வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு ஏற்றது காய்கறியும் சாசேஜும் போட்டு ஒரே பாத்திரத்தில் இறக்கும் பாஸ்தா.

இதில் தண்ணீர்க் கணக்குதான் உயிர். இத்தாலிய வழக்கில் 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. எங்களுக்கு வேண்டியது 340 கிராம். அப்படியானால் 3.4 லிட்டரைக் கொதிக்கவைத்து, வெந்ததும் பெரும்பகுதியை வடித்துக் கொட்ட வேண்டும். 2013 ஜூன் மாதம் 'மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்' இதழ் அதே 340 கிராமை நாலரைக் கப் தண்ணீரில், அதாவது சுமார் 1,065 மில்லியில், தக்காளியும் வெங்காயமும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் முறையை வெளியிட்டது. வேகும் நேரம் 9 நிமிடம். வடித்த சோற்றுக்கும் குக்கர் சோற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கஞ்சி வெளியே போகாமல் பாஸ்தாவிலேயே தங்கி, சாற்றைக் கெட்டியாக்குகிறது.

நான் 800 மில்லிக்குமேல் ஊற்றுவதில்லை. 411 கிராம் தக்காளி டின்னும் 200 கிராம் ஜுக்கினியும் சேர்கின்றனவே. இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் தண்ணீர்தான்.

இனிக் காசு. பாஸ்தா 1.20 டாலர், வெங்காயம் 0.50, குடைமிளகாய் 1.25, ஜுக்கினி 1.00, தக்காளி டின் 1.25, பாலக் கீரை 1.25, பூண்டு, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து 0.75. சாசேஜ் 454 கிராம் பாக்கெட் 5 டாலர், அதில் 5 துண்டு. ஐந்தையும் போட்டால் மொத்தம் 12.20 ஆகி, அதில் 41 சதவீதத்தைச் சாசேஜே விழுங்கிவிடும். நான் 3 துண்டோடு நிறுத்துகிறேன். மொத்தம் 10.20, தலைக்கு 2.55.

காசைவிட எனக்குப் பெரிய காரணம் உப்பு. பச்சைச் சாசேஜில் 100 கிராமுக்குச் சுமார் 700 மில்லிகிராம் சோடியம் உண்டு. 3 துண்டு 270 கிராம். ஆளுக்கு 470 மில்லிகிராமுக்குமேல் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே எதையும் வடிப்பதில்லை என்பதால் போட்ட உப்பு முழுவதும் வயிற்றுக்குள்தான் போகும். 34 கிராம் உப்பு வேண்டிய இடத்தில் அரை டீஸ்பூன், சுமார் 3 கிராம், போதும்.

மின்சாரத்தில் பெரிய மிச்சம் கிடையாது. 2.6 லிட்டர் குறைவாகக் கொதிக்கவைப்பதால் மிஞ்சுவது ஏறக்குறைய 0.35 யூனிட், யூனிட் 20 சென்ட் என்றால் 7 சென்ட். மிஞ்சுவது நேரம்தான்: அவ்வளவு தண்ணீரும் கொதி வருவதற்கான 10 நிமிடம். சாசேஜை வதக்க 6 நிமிடம், வெங்காயமும் குடைமிளகாயும் வதங்க 3, தண்ணீர் கொதிக்க 5, பாஸ்தா வேக 10. ஆக 24 நிமிடம். ஜுக்கினியைக் கடைசி 5 நிமிடத்திலும் கீரையை இறக்கும்போதும் சேர்த்தால் குழையாது. பன்றி இறைச்சிச் சாசேஜின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

மீந்த 2 துண்டையும் அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பச்சைச் சாசேஜ் ஃப்ரிட்ஜில் 1 அல்லது 2 நாள்தான் தாங்கும்.