கைப்பிள்ளையின் தலையில் அடிபட்டால்

"கட்டிலால் விழுந்ததுதானே, சின்னப் பிள்ளை, கெதியாய்த் தேறிவிடும்" என்று சொல்லித் தேற்றுவோர் நம்மிடையே உண்டு. தலையில் அடிபட்ட விடயத்தில் இந்த நம்பிக்கை பிழையானது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஆம்ஸ்டெட் இதனைப் பன்றிக் குட்டிகளில் ஆராய்ந்தார். பிறக்கும் வேளையில் அவற்றின் மூளை வளர்ச்சி மனிதக் குழந்தையினதை ஓரளவு ஒத்தது. மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டில் சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தி, மூளையின் மேலுள்ள நாடிகளைப் பார்த்தார்கள். (பாவம், வாயில்லாச் சீவன்கள்!) அடி ஒரே அளவுதான். ஆனால் பிறந்து சில நாட்களேயான குட்டியில் நாடிகள் கூடுதலாகச் சுருங்கின. மூளைக்குச் செல்லும் இரத்தம் வெகுவாகக் குறைந்தது. சில வாரங்கள் வளர்ந்த குட்டியில் பாதிப்பு அவ்வளவு இல்லை.

காரணங்களில் ஒன்று என்டோதெலின் என்னும் பெப்ரைட்டு. 1988 இல் யப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யனகிசாவா குழுவினர் கண்டறிந்தது. 21 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. இரத்தக் குழாயின் உட்சுவரே இதனைச் சுரக்கிறது. பச்சிளம் மூளையில் இது சொற்பமாய் இருந்தால் நாடி விரியும். அளவு கூடினால் இறுகும். அடிபட்டபின் இளங்குட்டியின் மூளையைச் சூழ்ந்த நீரில் இது கூடியிருந்தது.

ஆகவே, வெளியே வீக்கமில்லை என்று இருந்துவிடாதீர்கள். விழுந்த பிள்ளை சோர்ந்து கிடந்தால், சத்தியெடுத்தால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அழுகிற பிள்ளையைப் பிடித்து உலுக்குவதும் மூளையைக் காயப்படுத்தும். களைப்பும் கோபமும் மிஞ்சும் நேரத்தில் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்.