நாட்காட்டி எச்சரிக்கை வந்தால் செய்யத்தக்கவை

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்து நடத்தும் நிலையங்களில் நிர்வாகக் குழுக் கூட்டம், நூல் வழங்கும் நாள், சரக்கு எடைபோடும் நாள் ஆகியவை அந்தச் சர்வரின் நாட்காட்டியிலேயே குறிக்கப்படுகின்றன. மாற்றிய தேதி வெளியே தெரியாமற் போனால் கூட்டத்திற்குக் கோரம் சேராது. பருத்தி மூட்டையுடன் வந்த விவசாயி வண்டிச் சத்தத்தை வீணே கொடுத்துத் திரும்புவார். ஆகவே, ‘நாட்காட்டித் தொடர்பு கிடைக்கவில்லை’ என்று வரும் எச்சரிக்கையை யந்திர விஷயமென்று எவரும் தள்ளிவிடலாகாது. அதன் பொருளையும் பரிகாரத்தையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

இந்த எச்சரிக்கையை மனிதர் எவரும் எழுதுவதில்லை. உதாரணமாக, மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 2010 சர்வரில் ‘டெஸ்ட்-காலண்டர்கனெக்டிவிட்டி’ என்றொரு கட்டளை உண்டு. வெளியாருக்கென இணையத்தில் பகிரப்பட்ட நாட்காட்டி, கடவுச்சொல் கேளாமல் திறக்கிறதா என்று அது சோதிக்கும். இதற்கென ஒரு சோதனைக் கணக்கும் உண்டு. அதன் பெயர் ‘எக்ஸ்டெஸ்ட்’ என்று தொடங்கும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இத்தகைய சோதனைகளைச் சர்வர் தானே இடைவிடாது செய்துகொள்கிறது.

எடைக்கற்களைச் சோதிக்க வந்தவரின் கல்லே தேய்ந்திருந்தால், நம் கல் சரியாயிருந்தும் குற்றமென்றே முடிவாகும். இங்கும் அப்படி நேரலாம். எனவே, முதற்காரியமாக வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து பகிரப்பட்ட நாட்காட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். அது திறந்தால், பழுது பெரும்பாலும் சோதனைக் கணக்கில்தான் இருக்கும். அதன் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம். அல்லது அறியாமல் எவரேனும் அக்கணக்கை நீக்கியிருக்கலாம். 2010 பதிப்பில் அதைப் புதிதாக உண்டாக்கும் சிறு நிரல் சர்வருடனேயே வருகிறது.

நாட்காட்டி திறக்கவில்லையெனில் கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது நலம்.

முதலாவது, கடிகாரம். விண்டோஸ் வலையமைப்பில் யந்திரங்களின் நேரம் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால், சாதாரண ஏற்பாட்டின்படி உள்நுழைவு மறுக்கப்படும்.

இரண்டாவது, சான்றிதழ். எக்ஸ்சேஞ்ச் நிறுவும்போது சர்வர் தானே உண்டாக்கிக்கொள்ளும் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்கே செல்லும். விலைக்கு வாங்கும் சான்றிதழுக்கு ஆயுள் இன்னும் குறைவு.

மூன்றாவது, இணையச் சேவை நின்றிருக்கிறதா என்பது.

நான்காவது, அனுமதி. பகிரப்பட்ட நாட்காட்டிக்குரிய இணையப் பிரிவில், பெயர் கேளாத அனுமதி இருந்தே தீரவேண்டும். பாதுகாப்பைப் பலப்படுத்துகிறோமென்று அதை நீக்கினால் நாட்காட்டி மூடிக்கொள்ளும்.

ஒரு சமயத்தில் ஒன்றையே திருத்தி, உடனே மறுபடி சோதிக்கவேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற்போகும். பழுது திரும்பி வந்தால் மீண்டும் இருட்டில் தேடவேண்டியதுதான்.

தொந்தரவென்று கருதி எச்சரிக்கையையே நிறுத்திவைப்பது பெருந்தவறு. பொய் எச்சரிக்கை நாள்தோறும் வந்தால், மெய்யான எச்சரிக்கையையும் ஊழியர் கவனியாது விடுவர். ஆதலின் சோதனைக் கணக்கையும் பழுதின்றி வைத்திருக்கவேண்டும். 2010 பதிப்புக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு 2020 அக்டோபர் 13இல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க. அதை இன்னும் வைத்திருப்போர் மாற்று ஏற்பாட்டை யோசிப்பதே சிக்கனம்.

இறுதியாக ஒன்று. சான்றிதழ் முடியும் தேதியைச் சர்வரின் நாட்காட்டியில் மட்டும் எழுதிவைத்தல் போதாது; நாட்காட்டி மூடிய அன்று அந்தக் குறிப்பும் அதனுள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். காரியாலயச் சுவரில் தொங்கும் காகித நாட்காட்டியிலும் அதைக் குறித்துவைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.