வந்தவர்: பெயரா, வினையா?

யாழ்ப்பாணத்து வேலணையில் ஒருவர் சொல்வார்: "ஐயா நேற்று வந்தவர்." இந்த 'வந்தவர்' பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். பெயர் வேற்றுமை உருபை ஏற்கும், காலம் காட்டாது. வினை காலம் காட்டும், உருபை ஏற்காது. 'வந்தவர்' இறந்தகாலம் காட்டுகிறது. "வந்தவரைக் கூப்பிடுங்கோ" என்றால் 'ஐ' உருபையும் ஏற்றுக்கொள்கிறது. இதற்கு இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் என்று பெயர். ஈழத்துப் பேச்சிலோ அதே சொல் வாக்கியத்தை முடித்தும் வைக்கிறது. "நான் போனனான்" என்பதும் இந்த வழியில் வந்ததுதான். இதைப் பிழை என்று பிள்ளைகளைத் திருத்த வேண்டாம். பாடம் தொடங்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

யாழ்ப்பாணத்தில் இந்த இலக்கணத்தைச் சொல்லும் நன்னூலைப் பாடமாக்கிப் பண்டிதரானோர் பலர். ஆறுமுக நாவலர் அதற்குக் காண்டிகையுரை தந்தார்; மாணவருக்காக இலக்கணச் சுருக்கமும் எழுதினார்.

இன்று உங்கள் வீட்டில் யாராவது "சாப்பிட்டனான்" என்றால், அந்தச் சொல்லைப் பிள்ளையோடு பிரித்துப் பாருங்கள்: காலம் எங்கே, ஆள் எங்கே?