கூழாங்கல்லால் எழுந்த செங்குத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தடா அருவி, இல்லாவிட்டால் நாகலாபுரம். இரண்டும் ஆந்திர எல்லைக்குள். திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே, பூண்டி ஏரிக்கு அப்பால் குடியம் கிராமத்தை ஒட்டிய காட்டில், ஒரு செந்நிறப் பாறைச்சுவர் நிற்கிறது. அல்லிக்குழி மலைத்தொடரைச் சேர்ந்தது. மலையேற்றக் குழுக்கள் இதை நன்றாக அறியும். ஆனால் போய் வருபவர்களிலும் பலர் இதைக் கருங்கல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். சென்ட்ரிங் பிரித்த புதுக் கான்கிரீட்டில் ஜல்லி வெளியே தெரியுமே, அப்படி இருக்கிறது பாறை. ஜல்லிக்குப் பதில் வழவழப்பான கூழாங்கற்கள்; எலுமிச்சை அளவும் உண்டு, பூசணி அளவும் உண்டு. சிமென்டுக்குப் பதில் இரும்புச்சத்துள்ள மணல் இறுகிப் பிடித்திருக்கிறது. சுவரின் செம்மை அந்த இரும்பால் வந்தது. புவியியலார் இவ்வகைப் பாறையைக் காங்ளாமரேட் என்கிறார்கள்.

கூழாங்கல் என்றால் ஆறு உருட்டியிருக்க வேண்டும். கற்கள் நகரி மலைப் பக்கத்து குவார்ட்சைட் வகை. மணற்கல் பூமிக்குள் அழுத்தத்தில் வெந்து இறுகினால் கிடைப்பது அது; வயது நூறு கோடி ஆண்டுக்கும் மேல். டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியாவின் கிழக்குக் கரை உருவாகிக்கொண்டிருந்தது. வேகமாக ஓடிய ஆறுகள் மலைக்கற்களைப் பெயர்த்து உருட்டி வந்து தாழ்நிலத்தில் குவித்தன. குவியல் புதைந்து இறுகிப் பாறையாயிற்று. பிறகு சுற்றியிருந்த நிலம் அரித்துப்போக, இது மட்டும் மேடாக மிஞ்சியது.

சுவர் ஏன் இத்தனை செங்குத்து? பாறையில் நெட்டுக்குத்தான வெடிப்புகள் ஓடுகின்றன. மழைநீர் அவற்றில் இறங்கி இறங்கி, ஒரு நாள் முகப்பிலிருந்து பெரிய துண்டமே கழன்று விழுகிறது. அடியில் பாறாங்கற்கள் சிதறிக் கிடப்பது அதனால்தான். மணல் மிகுந்த மெல்லிய அடுக்குகள் முதலில் உதிர்வதால் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறது. மேலே கூரை நீண்டு நிற்கிறது. குடியம் குகைகள் எனப்படுபவை இந்தக் கூரைகளே. ஆழமாக உள்ளே போகும் பொந்து எதுவும் கிடையாது, ஒரு கூட்டமே நின்று மழைக்கு ஒதுங்கலாம்.

பாறை ஏறுபவர்களுக்குக் கருங்கல்லுக்கும் காங்ளாமரேட்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. பெங்களூரு அருகே ராமநகரத்துக் கிரானைட், பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல ஆறிப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் உண்டானது. அங்கே விரலை விரிசலில் திணித்து ஏறலாம், சொரசொரப்பை நம்பிக் கால் வைக்கலாம். காங்ளாமரேட்டில் பிடிமானம் துருத்திய கல்தான். அது கையோடு வந்துவிட்டால்? குடியத்துச் சுவரில் கல் விழுந்த வெற்றுக் குழிகளைப் பார்த்தவருக்குக் கேள்வி தேவையில்லை. ஸ்பெயினின் மொன்செராட்டிலும் கிரேக்கத்தின் மெத்தியோராவிலும் இவ்வகைப் பாறையில்தான் ஏறுகிறார்கள். அங்கே பிணைப்பு உறுதியானது. குடியம் காப்புக்காடு மட்டுமல்ல, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமும்கூட. கயிறும் ஆணியும் இங்கே வேண்டாம் என்பது என் கருத்து.

கையோடு வந்துவிடக்கூடிய அந்தக் கூழாங்கல்லுக்குத்தான் உலகப் பெயர். குவார்ட்சைட்டைச் சரியான இடத்தில் தட்டினால் கூர்மையான விளிம்போடு சில்லு பெயரும். ஆதிமனிதர்களுக்குக் கருவி செய்ய வாகான கல், மழை அரித்து மலையடியிலேயே குவித்து வைத்திருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் குடியத்துக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கம் ஓடைக்கரையில் கைக்கோடாரிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். குடியத்திலேயே கே. டி. பானர்ஜி 1962 முதல் 1964 வரை அகழ்ந்தார். கைக்கோடாரிக் காலம் முதல் நுண்கற்கருவிக் காலம் வரை அடுக்குகள் வந்தன. ஆனால் நெடுங்காலம் குடியிருந்ததற்கான தடயம் குறைவு. இவ்வளவு நல்ல கூரையை வந்து போகும் இடமாகவே வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

போக விரும்புவோருக்கு: கிராமத்திலிருந்து முட்புதர்க் காட்டின் வழியே சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒற்றையடிப் பாதைகள் பிரிந்து பிரிந்து போவதால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. வழியில் கடை இல்லை, தண்ணீர் கையில் இருக்கட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். கூரையில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் புகை, வாசனைத் திரவியம், கூச்சல் மூன்றும் ஆகாது. கீழே கிடக்கும் கல் கருவிபோல் தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடுங்கள். கையில் எடுத்துப் போனால் எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்ற தகவல் போய்விடும். கருவிகளை நிதானமாகப் பார்க்கப் பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. மலைக்குப் போகும் முன் அங்கே நுழைவது மேல். பாறையில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பழகியிருக்கும்.