'காலனி' எப்படி வசைச்சொல் ஆனது?

திண்டுக்கல்லில் ஆர்.எம். காலனி என்று விலாசம் சொன்னால் மதிப்பாகப் பார்ப்பார்கள். நத்தம் பக்கத்துக் கிராமத்தில் இறங்கி, "காலனிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால், கேட்டவர் என்ன சாதி என்று யோசிப்பார்கள். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான்.

லத்தீனில் உழவரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது அது. நம்மூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் காலனி என்று பெயர் வந்தது. சேரி என்பதைவிட அது கௌரவமாக ஒலித்தது. ஆனால் ஊர்க்காரர்களின் பார்வை மாறவில்லை. நாளடைவில் "காலனிக்காரன்" என்பதே வசையாயிற்று.

சேரிக்கும் முன்பு இதுதான் நடந்தது. சோழர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊர்களில் அவர்கள் குடியிருப்பும் சேரிதான். அதே காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்க் குடியிருப்பான ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் வருகின்றன. பிரிவினை நிலைக்க, சேரி என்ற சொல் ஒரு பக்கத்துக்கே உரியதாகிவிட்டது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற சொல்லும் தப்பவில்லை. அது இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுகிறது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

ஆங்கிலேயரின் வசைகளும் சமூகத்தோடுதான் மாறின. ஒரு காலத்தில் கடவுள் பெயரால் ஆணையிடுவதுதான் அவர்களுக்குப் பெரிய கெட்ட வார்த்தை. மத பயம் தளர்ந்தபின் உடலைப் பற்றிய சொற்கள் கூசின. 1914-இல் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் 'ப்ளடி' என்று ஒரு பாத்திரம் சொன்னதே பரபரப்பானது. இன்று அது சாதாரணம். இப்போது அங்கே மன்னிக்கப்படாதவை இனத்தையும் நிறத்தையும் இழிவுபடுத்தும் சொற்கள். ஆனாலும் நம்மிடமிருந்து போன 'பறையர்' என்ற சாதிப் பெயர் ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் இன்றும் புழங்குகிறது.

மதிப்பான புதுச் சொல்லும் பழைய இழிவைச் சுமக்கத் தொடங்கி, மறுபடி வேறு சொல் தேட வேண்டியிருக்கும் இந்தச் சுழற்சியை உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994-இல் விளக்கினார். மனத்தில் உள்ள இழிவு போகாதவரை எந்தப் பெயரும் கறைபடும் என்பதே அதன் சாரம்.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று அறிவித்தார். அவசியமான முடிவு. ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஒரு குழந்தையின் சாதியை விலாசமே காட்டிக்கொடுக்கக் கூடாது.

ஆனால் புதுப் பெயரும் கறைபடாமல் இருக்க வேண்டுமானால் ஊர்த்தெருவில் இருப்பவர்கள் அதை முதலில் சொல்லிப் பழக வேண்டும். உதவித்தொகைப் படிவம் நிரப்ப, "காலனிப் பசங்க எல்லாம் எந்திரி" என்று வகுப்பறையில் கூப்பிடுவது நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.