இத்தாலியில் கடைசி மூன்று நாள்

இத்தாலிக்கு முதன்முறை செல்வோர் பெரும்பாலும் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று நகரங்களை வைத்தே பயணத்தை அமைக்கிறார்கள். எட்டு முதல் பத்து நாள் வரை நீளும் இந்தப் பயணத்தில் முதல் சில நாட்களுக்கான திட்டம் எளிதில் அமைந்துவிடும். ஒரு நாள் கொலோசியம், மறுநாள் வத்திக்கான், அதற்கடுத்த நாள் ஃப்ளோரன்ஸுக்கு ரயில் என்று பட்டியல் தானாக வளரும். முன்பே பார்க்க முடியாமல் மிஞ்சிய இடங்கள் எல்லாம் கடைசி மூன்று நாளில் வந்து குவியும். பயணத்தில் நெருக்கடி ஏற்படுவதும் அப்போதுதான். தொடக்கத்தில் ஒரு ரயில் தவறினால் அடுத்த ரயிலில் போகலாம். கதவடைத்திருந்த அருங்காட்சியகத்துக்கு மறுநாள் போகலாம். கடைசி நாளில் ரயில் தவறினால் விமானமும் தவறும். எனவே விமானம் புறப்படும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட்டு வருவதே பாதுகாப்பான வழி.

எந்த நகரிலிருந்து புறப்படுவது?

விமான டிக்கெட் வாங்கும்போதே கடைசி நாட்களின் அமைப்பு பாதி முடிவாகிவிடுகிறது. ரோமில் இறங்கி ரோமிலேயே ஏறுவதாக டிக்கெட் எடுத்தால், வெனிஸ் வரை போனவர்கள் மறுபடி ரோமுக்குத் திரும்ப வேண்டும். அதிவேக ரயிலில் அந்தப் பயணம் மட்டும் ஏறக்குறைய 4 மணி நேரம். அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, புதிய அறைக்குச் சேர்வது எல்லாம் கூடினால் ஒரு பகற்பொழுது அதிலேயே போய்விடும். வெனிஸிலோ மிலானிலோ இறங்கி, தெற்கு நோக்கி வந்து ரோமில் விமானம் ஏறினால் இந்தத் திரும்பும் பயணமே தேவையில்லை. ஒரு நகரில் இறங்கி வேறு நகரில் ஏறும் இத்தகைய டிக்கெட்டைப் பல விமான நிறுவனங்கள் விற்கின்றன. இரண்டு தனி டிக்கெட்டுகளாகப் பார்க்காமல், முன்பதிவுத் தளங்களில் 'பல நகரங்கள்' என்ற பிரிவில் தேடினால் இது கிடைக்கும்.

ரோமுக்கே திரும்ப வேண்டியிருந்தால், தொடக்கத்தில் ரோமில் ஓரிரவு மட்டும் தங்கி, மறுநாளே வடக்கே கிளம்பிவிடலாம். ரோமைக் கடைசி மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். நீண்ட விமானப் பயணத்தின் களைப்போடு பெருநகரைச் சுற்றும் சிரமமும் இதனால் குறையும்.

இரண்டு முறையிலும் மாறாத விதி ஒன்று உண்டு: கடைசி இரவு விமானம் புறப்படும் நகரில்தான் தங்க வேண்டும். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், மிலானிலிருந்து சுமார் 3 மணி நேரம் என ட்ரெனித்தாலியா நிறுவனத்தின் ஃப்ரெச்சாரோஸா, மற்றும் இத்தாலோ ஆகிய அதிவேக ரயில்கள் விரைந்து ஓடுகின்றன. இந்த வேகத்தை நம்பி, விமானம் ஏறும் நாளில் காலையில் வேறு நகரிலிருந்து கிளம்பினால், ஒரு தாமதமே முழுத் திட்டத்தையும் குலைத்துவிடும்.

விமான நாளின் கணக்கு

ரோமின் முதன்மை விமான நிலையமான ஃபியூமிச்சினோ நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. நகரின் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் இடையில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் அங்கே போகும். த்ராஸ்தேவெரே, ஓஸ்தியென்ஸே பகுதிகளில் தங்கியிருப்போருக்கு அந்தந்த நிலையங்களில் நிற்கும் வட்டார ரயில் உண்டு, கட்டணமும் குறைவு. நகரின் பழைய மதிலுக்குள்ளிருந்து விமான நிலையத்துக்குச் செல்லும் டாக்ஸிகளுக்கு மாநகராட்சி ஒரே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. இரண்டு மூன்று பெட்டிகளோடு செல்லும் குடும்பத்துக்கு ரயிலைவிட இது வசதி. ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. அதிகாலை விமானம் என்றால் டாக்ஸியை முந்தைய நாளே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பிற்பகல் 3 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 12 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வாங்கிய பொருட்களுக்கான வரித்தொகையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தால் இன்னும் அரை மணி முன்னதாக. அப்படியானால் பத்தரை மணியளவில் தெர்மினியிலும், அதற்கு முன் பத்து மணிக்கே விடுதி வாசலிலும் இருக்க வேண்டும். அந்த நாளில் காலையுணவுக்கும் ஒரு சிறு நடைக்கும் மட்டுமே நேரம் உண்டு. விமானம் இரவு ஒன்பதரைக்கு என்றால் மாலை நாலரை மணி வரை நகரில் இருக்கலாம். அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகப் பெரும்பாலான விடுதிகள் அனுமதிக்கின்றன. வீட்டு அறைகளை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அவர்கள் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கிளாக் ரூமைப் பயன்படுத்தலாம்.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலியில் கடிகார நேரம் ஒரு மணி மாறும். மார்ச்சில் முன்னே போகும். அக்டோபரில் பின்னே வரும். மார்ச்சின் அந்த ஞாயிறு காலையில் விமானம் ஏறுவோர் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தம்

இத்தாலியில் ரயில், பேருந்து, விமானப் பணியாளர்களின் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். அங்கே அதன் பெயர் 'ஷோப்பெரோ'. நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் இந்தச் சொல்லைக் கண்டால் விசாரிக்க வேண்டும். வேலைநிறுத்தங்கள் பல நாள் முன்னதாகவே அறிவிக்கப்படுகின்றன. போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பட்டியல் கிடைக்கும். இன்றியமையாத சேவைகளைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் குறைந்தபட்சச் சேவை இருக்கும். விமானங்களுக்குக் காலை 7 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை விமானத் துறையில் வேலைநிறுத்தத்துக்கு இடமில்லை. கடைசி இரவை விமான நகரில் கழிக்கச் சொல்வதற்கு இந்த வேலைநிறுத்தங்களும் முக்கியக் காரணம்.

மூன்று நாளைப் பிரிப்பது எப்படி?

வெளியூர்ப் பயணம் ஒன்று மீதமிருந்தால் அதை விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வர ஏற்ற ஊர் ஓர்வியெத்தோ. எரிமலைப் பாறைமேட்டின் உச்சியில் அமைந்த இந்த ஊருக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிலையத்தின் எதிரிலிருந்தே கம்பிவட ரயில் மேலே ஏற்றிச் செல்லும். 1290இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் முகப்பும், உள்ளே லூகா சிக்னொரெல்லி தீட்டிய சுவரோவியங்களும் இந்தப் பயணத்துக்குப் பொருள் தருபவை. தொல்லியலில் ஆர்வமுள்ளோர் ஓஸ்தியா அந்திக்காவுக்குப் போகலாம். பழைய ரோமின் துறைமுக நகரமான அங்கே கடைவீதிகளும் குளியலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் தெரு தெருவாக எஞ்சியிருக்கின்றன. நகரிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம்தான். பாம்பேயை ரோமிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியும். ஆனால் நேப்பிள்ஸில் ரயில் மாறிப் போய்வர வேண்டியிருப்பதால் நாள் முழுவதும் ஓட்டமாகவே இருக்கும். பாம்பேயைக் கட்டாயம் பார்க்க விரும்புவோர் நேப்பிள்ஸில் ஓரிரவு தங்குவதைப் பயணத்தின் நடுப்பகுதியிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

விமானத்துக்கு முந்தைய நாள், முன்பதிவு செய்த ஓரிடம் போதும். வில்லா போர்கேசே பூங்காவுக்குள் இருக்கும் போர்கேசே கலைக்கூடம் அதற்குப் பொருத்தமானது. இரண்டு மணி நேரப் பிரிவுகளாக மட்டுமே உள்ளே விடுவதால் நேரம் எல்லை மீறாது. பெர்னினியின் 'அப்போலோவும் தாஃப்னேயும்' சிற்பத்தை அங்கே சுற்றி வந்து பார்க்கலாம். விரல் நுனிகள் இலைகளாக மாறும் அந்தக் கணம், பார்ப்பவர் நகர நகரத் தெளிவாகும். பிறகு பூங்காவில் நடந்து பின்ச்சோ மேட்டுக்கு வந்தால் மேற்கு ரோம் முழுவதும் கண்ணில் படும்.

விமான நாளுக்கு முன்பதிவு எதுவும் வைக்கக்கூடாது. இடையில் கிளம்பினாலும் இழப்பில்லாத இடங்களே அன்றைக்கு உகந்தவை. ஜானிக்கோலோ குன்றில் தினமும் நண்பகலில் பீரங்கி முழங்கும். 1904 முதல் அங்கே இந்த வழக்கம் தொடர்கிறது. இறங்கி வந்தால் த்ராஸ்தேவெரேயின் சந்துகள். அவெந்தினோ குன்றின் ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். இவை எதற்கும் கட்டணம் இல்லை.

கிழமைகள் கவனம்

எந்த இடம் எந்தக் கிழமை மூடும் என்று பாராமல் திட்டமிட்டவர்கள் கடைசி நாட்களில்தான் ஏமாறுகிறார்கள். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் மிகுதி. புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பதால் பேதுரு சதுக்கம் நிரம்பிவிடும். போர்கேசே கலைக்கூடம், ஃப்ளோரன்ஸின் உஃபிட்சி, மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா, ஓஸ்தியா அந்திக்கா எல்லாம் திங்கட்கிழமை விடுமுறை. கொலோசியம் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் அச்சிடப்படுகிறது. அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். அமைதியாகப் பார்க்க விரும்புவோர் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

மிலான், வெனிஸ் வழியாகப் புறப்படுவோர்

மிலானின் மால்பென்சா விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். லியோனார்தோ தா வின்சியின் 'இறுதி விருந்து' ஓவியத்தைப் பார்க்க ஒரு சிறு குழுவுக்கு 15 நிமிடம்தான் தருகிறார்கள். டிக்கெட்டுகள் வெகு முன்னதாகத் தீர்ந்துவிடும், திங்கட்கிழமை மூடியிருக்கும். கடைசி நாட்களில் அதைப் பார்க்க நினைப்போர் முதலில் அந்த டிக்கெட்டை வாங்கிவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு மிலான் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. 'தேம்பாவணி' இயற்றிய வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, மிலான்–வெனிஸ் ரயில் பாதையிலுள்ள தெசென்சானோ நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கத்தின் அருங்காட்சியகமும் அவ்வூரில் உள்ளது. ஒரு பகல் மிஞ்சியவர்கள் போய்வரலாம்.

வெனிஸில் கவனிக்க வேண்டியது பெட்டிகளைத்தான். தீவுக்குள் கார் வராது. பெரும்பாலான பாலங்களில் படிக்கட்டு உண்டு. பேருந்து நிலையம் உள்ள பியாட்சாலே ரோமாவிலிருந்து மார்கோ போலோ விமான நிலையத்துக்குப் பேருந்தில் அரை மணிக்குள் போகலாம். சான் மார்கோ பக்கமிருந்து அலிலகுனா படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி இரவு அறையைப் பேருந்து நிலையத்துக்கு அருகே எடுத்தால் காலையில் பாலங்களில் பெட்டி தூக்கும் வேலை மிச்சம்.

கடைகளும் வரித்தொகையும்

பரிசுப் பொருட்களைக் கடைசி நகரில் வாங்கினால் சுமை குறையும். ஆலிவ் எண்ணெய், பால்சமிக் வினிகர், ஒயின் போன்றவை 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் பொதுவாக அனுமதி இல்லை. பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைக்க வேண்டும். தெருவோரத்தில் விற்கும் போலி ஆடம்பரப் பைகளை வாங்குவோருக்கும் இத்தாலியச் சட்டம் அபராதம் விதிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கும் பொருட்களுக்கு மதிப்புக்கூட்டு வரி திரும்பக் கிடைக்கும். இத்தாலியில் பொதுவான வரி விகிதம் 22 சதவீதம். வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் முகவர் நிறுவனத்தின் கட்டணம் போக மிஞ்சுவது கைக்கு வரும். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். 2024க்கு முன்பு இந்த வரம்பு ஏறக்குறைய 155 யூரோவாக இருந்தது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்க ஒப்புதலை முடிக்க வேண்டும். பெட்டி போன பிறகு பொருளைக் காட்ட வழியில்லை. துபாய், தோஹா வழியாகத் திரும்புவோருக்கு இத்தாலிய விமான நிலையம்தான் ஒன்றியத்தின் கடைசி வாசல். அங்கே விட்டுவிட்டால் பிறகு வாய்ப்பில்லை.

விசாவும் கடைசிக் கணக்கும்

ஷெங்கன் விசாவில் செல்லுபடியாகும் தேதிகளும், தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே வரும் நாளும் வெளியேறும் நாளும் அந்த எண்ணிக்கையில் சேரும். விமானத்தை ஒரு நாள் தள்ளிப்போட நினைப்போர் முதலில் இதைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக முகப்படம், கைரேகை ஆகியவற்றோடு மின்னணுப் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவந்தன. வெளியேறும்போதும் இந்தப் பதிவு உண்டு என்பதால் பாஸ்போர்ட் வரிசைக்குக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும்.

விடுதியைக் காலி செய்யும்போது நகராட்சியின் தங்கும் வரியைத் தனியே கேட்பார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் இந்த வரி ஊருக்கு ஊர், விடுதியின் தரத்துக்கேற்ப மாறும். பல இடங்களில் ரொக்கமாகவே வாங்குகிறார்கள். அதற்குப் போதுமான யூரோவை மட்டும் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் போதும். ஊர் திரும்பியபின் நோட்டுகளை மாற்றலாம். நாணயங்களைப் பணமாற்று நிலையங்கள் பொதுவாக வாங்குவதில்லை. மிஞ்சும் சில்லறையில் ஒன்றை 1762இல் கட்டி முடிக்கப்பட்ட ட்ரெவி நீரூற்றில் போடுவது பயணிகளின் வழக்கம். வலக்கையால் இடத்தோளுக்கு மேலாக எறிந்தால் மீண்டும் ரோமுக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. அங்கே சேரும் நாணயங்களை எடுத்து, ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் அமைப்புக்கு வழங்குகிறார்கள்.